காலநிலைத் திட்டங்களும் எளிய மக்களும்: அரசின் சட்டக் கடமைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்று ஆற்றோரக் குடிசைகளை எடுக்கிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டும் என்று மானாவாரி நிலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு வாங்குகிறார்கள். மரம் வளர்க்க வேண்டும் என்று ஆடு மாடு மேய்ந்த காட்டைச் சுற்றி வேலி போடுகிறார்கள். மூன்றும் தேவையான காரியங்கள்தான். ஆனால் அந்தக் குடிசையில் இருந்தவருக்கும், அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கும், அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவருக்கும் அரசு சட்டப்படி என்ன செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதிகாரிகளிலும் பலருக்குத் தெரியவில்லை. கிராம சபைகளிலும் குடியிருப்போர் கூட்டங்களிலும் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்து, தமிழ்நாட்டு நிலவரத்தை மனதில் கொண்டு எழுதியவை. உங்கள் வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

காலநிலை மாற்றத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. 2008-இல் மத்திய அரசு எட்டு இயக்கங்கள் (மிஷன்கள்) கொண்ட ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதைப் பின்பற்றி மாநிலங்களும் செயல்திட்டங்கள் எழுதின. இவை கொள்கை ஆவணங்கள். மீறினால் நேரடியாக நீதிமன்றத்துக்கு இழுக்கக்கூடிய சட்டங்கள் கிடையாது.

அதனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காலநிலைக்காக அரசு எதைச் செய்தாலும் ஏதோ ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்துத்தான் செய்கிறது. நிலம் எடுத்தால் நிலம் கையகப்படுத்தும் சட்டம், காட்டில் நட்டால் வனச் சட்டங்கள், வெள்ளம் வந்தால் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அந்த அதிகாரத்தோடு கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. திட்டத்தின் பெயரில் ‘பசுமை’ என்ற சொல் இருப்பதால் அந்தக் கடமைகள் தள்ளுபடி ஆகிவிடுவதில்லை.

அரசியலமைப்புச் சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ரஞ்சித்சிங் வழக்கு என்பார்கள். வழக்கு உண்மையில் கானமயிலைப் பற்றியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மேலே செல்லும் மின்கம்பிகளில் மோதி இந்தப் பறவைகள் சாகின்றன. ஆகவே 2021-இல் நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் புதிய மின்கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லியிருந்தது. அது சூரிய, காற்றாலை மின்சாரத்துக்குத் தடையாகும் என்று மத்திய அரசு மனு போட்டது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய உத்தரவைத் தளர்த்தி, ஒரு நிபுணர் குழுவை அமைத்தது.

அந்தத் தீர்ப்புக்குள்ளேதான் நமக்கு வேண்டியது இருக்கிறது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை மக்களுக்கு உண்டு, அது 14, 21-ஆவது பிரிவுகளிலிருந்து வருகிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 21 என்பது உயிர் வாழும் உரிமை. 14 என்பது சமத்துவம். என்னைக் கேட்டால் இந்த 14-தான் முக்கியம். வெயிலும் வறட்சியும் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை, உணவும் தண்ணீரும் குறையும்போது ஏழைகள்தான் அதிகம் அவதிப்படுவார்கள் என்று நீதிபதிகள் விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். பாதிப்பு சமமாக இல்லை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு, பாதுகாப்புத் திட்டம் மட்டும் யார் எவர் என்று பார்க்காமல் போடப்பட்டால் அது சமத்துவத்துக்கு எதிரானது என்று வாதிட இடம் இருக்கிறது. இது என் வாசிப்பு. தீர்ப்பு எளிய மக்களுக்காக எந்தக் குறிப்பிட்ட உத்தரவையும் போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

‘எளிதில் பாதிக்கப்படுவோர்’ என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

ஒரே வரையறை கிடையாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பட்டியல்: மாற்றுத்திறனாளிகள், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், கைம்பெண்கள், ஆதரவற்ற குழந்தைகள், தெருவோர வியாபாரிகள் என்று.

நான் கவலைப்படுவது எந்தப் பட்டியலிலும் வராதவர்களைப் பற்றி. வாய்மொழிக் குத்தகையில் பயிர் வைப்பவருக்குப் புயலில் பயிர் போனால், நிவாரணம் பட்டாதாரர் பெயருக்குப் போய்விடுகிறது. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்பவரின் ரேஷன் அட்டை ஊரில் இருக்கும். கணவர் பெயரில் உள்ள வீட்டில் தனியாக வாழும் பெண்ணின் பெயர் கணக்கெடுப்பில் ‘உறுப்பினர்’ என்று வரும், ‘குடும்பத் தலைவர்’ என்று வராது. கீழே சொல்லப்போகும் உரிமைகள் பெரும்பாலும் ஒரு கணக்கெடுப்பில் தொடங்குகின்றன. அந்த நாளில் பெயர் விட்டுப்போனால் பின்னால் எந்தச் சட்டத்தைக் காட்டினாலும் சிரமம். அதனால் ‘சர்வே எடுக்க வருகிறார்கள்’ என்ற செய்தி வந்ததும் ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளம், புயல் நிவாரணத்தில் பாகுபாடு காட்டினால் சட்டப்படி கேள்வி கேட்க முடியுமா?

முடியும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, இழப்பீடு, நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தச் சட்டம் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த வருடம். நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடலுக்குப் போகாத தலித் கூலித் தொழிலாளிகளுக்கும் வாழ்வாதாரம் போயிருந்தது. ஆனால் நிவாரணம் படகையும் வலையையும் மையமாக வைத்தே பேசப்பட்டது. அந்த அனுபவத்தை நாம் மறக்கக் கூடாது.

2005-இல் இயற்றப்பட்டபோது அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொன்னது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யச் சொன்னது. இது அரசின் விருப்பத்துக்கு விட்ட விஷயமா என்ற கேள்வி கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2021 ஜூனில், இந்தப் பிரிவு கட்டாயமானது, இறப்புகளுக்குக் கருணைத்தொகை பரிந்துரைத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு தொகை என்பதை அரசு முடிவு செய்துகொள்ளலாம். கொடுக்காமல் விட முடியாது என்பதே அன்றைய தீர்ப்பு.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. எனக்குத் தெரிந்தவரை இந்தத் தலைப்பில் நம் சட்டப் புத்தகத்தில் இருப்பதிலேயே தெளிவான கடமை இதுதான். மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 8-ஆவது பிரிவு. இயற்கைப் பேரிடரில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு தரப்பட வேண்டும். தேசிய, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் தங்கள் பணிகளில் அவர்களை உள்ளடக்க வேண்டும். மாவட்ட ஆணையம், அதாவது ஆட்சியர் தலைமையிலான அமைப்பு, தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். பேரிடருக்குப் பிறகு மறுகட்டுமானம் நடந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் கலந்து பேச வேண்டும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒலிபெருக்கியில் புயல் எச்சரிக்கை போனால் காது கேளாதவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? முகாம் பள்ளிக்கூடத்தின் முதல் மாடியில் என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே போவார்? கழிப்பறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும் என்றால் ஒரு மூதாட்டி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார். உங்கள் மாவட்ட ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பதிவேட்டில் வட்டம் வாரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள், காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் எச்சரிக்கை எந்த வழியில் போகிறது. பெயர்களைக் கேட்க வேண்டாம், அது அவர்களின் தனிப்பட்ட விவரம்.

வெயிலில் இறந்தால் இழப்பீடு உண்டா?

தமிழ்நாட்டில் உண்டு. தேசியப் பேரிடர் பட்டியலில் குளிர் அலை இருந்தும் வெப்ப அலை இடம்பெறாமலே வெகுகாலம் இருந்தது. ஆனால் மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அதன்படி 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

சிக்கல் நிரூபிப்பதில்தான். வயலிலோ சாலைப் பணியிலோ சுருண்டு விழுபவரின் சான்றிதழில் பெரும்பாலும் ‘மாரடைப்பு’ என்று எழுதப்படுகிறது. உடனே அடக்கம் செய்துவிட்டால் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். துக்கத்தின் நடுவில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் வெயிலில் வேலை செய்த இடம், நேரம், உடன் இருந்தவர்கள் யார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள், பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.

2010-இன் கொடிய கோடைக்குப் பிறகு அகமதாபாத் நகரம் 2013-இல் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது பல நகரங்களில் இருக்கிறது. ஆனால் அது ஒரு திட்ட ஆவணம்தான், அதை மட்டும் காட்டி வழக்கு போட்டால் நிற்பது கடினம்.

வெள்ளத் தடுப்புக்காக எங்கள் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ‘புறம்போக்கு, உங்களுக்கு உரிமை இல்லை’ என்கிறார்கள். சரியா?

நிலம் உங்களுடையது இல்லாமல் இருக்கலாம். உரிமையே இல்லை என்பது சரியில்லை.

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாழ்வாதாரம் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் பேச்சைக் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்றது. அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மழைக்காலம் முடியும்வரை கைவைக்கக் கூடாது என்றது. பின்னர் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் இன்னும் தெளிவாக, குடிசைவாசிகளை முதல் பார்வையிலேயே ஆக்கிரமிப்பாளர் என்று நடத்தக் கூடாது, கணக்கெடுத்து, அவர்களோடு அர்த்தமுள்ள வகையில் கலந்து பேசி, மறுவாழ்வு முடிவான பிறகே வெளியேற்றம் என்றது. அது டெல்லித் தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனுவில் எடுத்துக் காட்டலாம்.

சென்னைக்கு வருவோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் அதைப் போன்ற தூரத்துக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார்கள். ஆற்றோரம் ஆபத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாக்கமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையொட்டிய தாழ்வான பகுதி. அங்கும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்த பெண்ணுக்குப் பேருந்துக்கே பாதிக் கூலி போனால் அவர் வேலையை விட்டுவிடுவார். பள்ளி ஆண்டு நடுவில் மாற்றினால் பிள்ளை படிப்பை விட்டுவிடும். ‘ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம்’ என்று சொல்லும் அரசு, போய்ச் சேரும் இடத்தின் வெள்ள அபாயத்தையும் காட்ட வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அதே ஆற்றின் கரையில் இருக்கும் பெரிய கட்டடங்களுக்கும் இதே அளவுகோல் வைக்கப்பட்டதா என்று கேட்பதும் 14-ஆவது பிரிவின் கேள்விதான்.

நோட்டீஸ் வந்தால் தேதி போட்டு வாங்கி வையுங்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். இடிக்கும் வண்டி வந்து நின்ற பிறகு நீதிமன்றம் ஓடுவது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

சூரிய மின் பூங்கா வந்தால் ஊர் மக்களிடம் கேட்க வேண்டாமா?

இங்கே சட்டத்தில் உண்மையான ஓட்டை இருக்கிறது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சூரியத் தகடு மின் திட்டங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது.

நிலத்தை அரசு கையகப்படுத்தினால் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வருகிறது. அந்தச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிர் செய்வோர் ஆகியோரையும் சேர்க்கிறது. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழ்ந்திருந்தால் போதும். நல்ல சட்டம். ஆனால் நிலத்தை நேரடியாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டால் கையகப்படுத்தல் நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அப்படித்தான் வந்தது. நில உரிமையாளருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி அவ்வப்போது உயரும் குத்தகை. வறண்ட பூமிக்கு அது நல்ல வருமானம், பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நிலமில்லாத கூலிகளுக்கு அப்படி எந்த வருமானமும் வரவில்லை. களை எடுப்பும் அறுவடையும் நின்றன, ஆடு மேய்க்க இடம் போனது.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். மாநிலத்தின் தொழில் நிலச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம் போன்றவற்றின் கீழ் எடுத்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் இதைச் செல்லாது என்றது. மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீடு கிடைக்கும். யாருக்கெல்லாம் என்ன போகும் என்று முன்கூட்டி ஆராயும் கட்டம்தான் இல்லாமல் போய்விடுகிறது. கூலித் தொழிலாளிகளைக் கணக்கில் கொண்டுவருவதே அந்த ஆய்வுதான் என்பதால் இது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

காட்டில் மரம் நடும் திட்டங்களுக்கு யார் சம்மதம் வேண்டும்?

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு போன்றவை சமூக உரிமைகள். உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை காட்டில் வாழ்வோரை வெளியேற்றக் கூடாது என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. கிராம சபையின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். அந்த மலையில் சுரங்கம் வேண்டுமா என்ற முடிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. மரம் நடுவது சுரங்கம் இல்லைதான். ஆனால் வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்தினால் அதே உரிமைதான் பறிபோகிறது. உங்கள் ஊரின் சமூக உரிமை மனு இன்னும் போடப்படவில்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள்.

கடலோர மீனவர்களுக்கு?

கடற்கரையில் எங்கே எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோர மேலாண்மைத் திட்டத்தில் மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் காட்டச் சொல்கிறது. 2023-இல் தமிழ்நாட்டின் வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு நடந்தபோது, வலை காயவைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாம் வரைபடத்தில் விட்டுப்போயிருக்கின்றன என்பதே மீனவர்களின் முக்கியப் புகார். கடல் அரிப்புக்குத் தடுப்புச்சுவர் கட்டும்போதும் ஊரை நகர்த்தும்போதும் இந்த வரைபடத்தைத்தான் எடுத்து விரிப்பார்கள்.

முடிவு எடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய தகவல்களை அரசு தானாக வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெளியிடவில்லையா, 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று கணக்கெடுத்தீர்கள், எந்தத் தேதியில், அதில் நிலமில்லாதோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ‘அப்படி விவரம் இல்லை’ என்று பதில் வந்தாலும் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் அது உங்களுக்குத்தான் உதவும்.

எந்த நீதிமன்றம் போவது? பணம் இல்லையே?

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தெற்கு அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நீர், காற்று, வனப் பாதுகாப்பு, பல்லுயிர் போன்ற சட்டங்கள் தொடர்பான பிரச்சினையை அங்கே கொண்டுபோகலாம், பொதுவாகப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள். வெளியேற்றம், நிவாரணம், வன உரிமை, மாற்றுத்திறனாளிகள் சட்டம் என்றால் அங்கே போக முடியாது. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனுதான், அதாவது அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு. இடம் மாறிப் போய்ப் பல மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிய கவலைக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் தரச் சொல்கிறது. உதவி எண் 15100.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நமக்கு உதவுமா?

கட்டுப்படுத்தாது, வலு சேர்க்கும். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. வெப்ப அலை வயதான பெண்களை அதிகம் தாக்குகிறது என்பதே அவர்கள் வாதத்தின் அடிப்படை. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று ஆலோசனைக் கருத்து தந்தது. ஸ்காட்லாந்து 2019-இல் தன் காலநிலைச் சட்டத்திலேயே ‘நியாயமான மாற்றத்துக்கான’ கோட்பாடுகளை, அதாவது காலநிலை நடவடிக்கையின் சுமை எளியவர்கள் தலையில் விழாமல் பார்க்கும் கோட்பாடுகளை, எழுதிவைத்தது. நம் நாட்டில் ஒரு சட்டம் வரும்போது இந்த மாதிரி ஒரு பிரிவு அதில் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்கத் தொடங்கலாம்.

எங்கள் ஊரில் நாளைக்கே என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருவது அக்டோபர் 2. அன்றைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: ஊரில் தனியாக வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வாய்மொழிக் குத்தகைதாரர், வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. தீர்மானப் பதிவேட்டில் அது எழுதப்பட்டதா என்று அங்கேயே நின்று பாருங்கள். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.